புள்ளடி

“வயசுபோன காலத்தில ரெண்டு பேரும் என்னத்தைச் சாப்பிடுறது? இப்பவே கொஞ்சம் எடுத்து வையுங்கோவன்.”

மன்னார்த் தபாற்கந்தோரிலிருந்து தொலைபேசியில் யோசெப்பின் சிரித்துக்கொண்டு கேட்ட கேள்வி அது. 1984 செப்டெம்பர். அடுத்த கிழமையே மொன்றியலில் அவள் கணவன் அல்பேட் வங்கியில் ஓர் ஓய்வூதியச் சேமிப்பைத் தொடங்கினான். பகலில் துறைமுகக் களஞ்சியம், மாலையில் டவுன்டவுன் உணவகச் சமையலறை. இரண்டு சம்பளத்திலிருந்தும் அதற்குப் பணம் போனது.

1986 மே மாதம், ஒரு ஞாயிறு பூசை முடிந்த கையோடு அவன் பேரின்பநாதன் வீட்டுக் கதவைத் தட்டினான். நம் சனத்துக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர் அவர்.

“வாரும், வாரும். மனுசி சுகமோ?”

அல்பேட் வரிக் கந்தோர்க் கடிதத்தையும் படிவப் பிரதியையும் வங்கிப் பத்திரத்தையும் மேசையில் வைத்தான்.

“எனக்கு ஒண்டும் விளங்கேல்லை அண்ணை. சேமிப்புக்குப் போட்டால் நூறுக்கு நாப்பது வரியில திரும்பி வரும் எண்டு வங்கியில சொன்னவங்கள். போன வருசம் ரெண்டாயிரம் போட்டனான். எண்ணூறு வரவேணும். இவங்கள் என்னை அறுநூறு கட்டச் சொல்லுறாங்கள். குறைஞ்ச வீதத்தில பாத்திட்டாங்களோ?”

“ஆர் படிவம் நிரப்பினது?”

“நான்தான்.”

“ஓ! பிரெஞ்சு வகுப்புக்குப் போனவுடன நாங்கள் தேவையில்லை. அஞ்சு டொலர் மிச்சம் பிடிச்சனீராக்கும்.”

சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒரு தாளில் கூட்டினார், கழித்தார், மறுபடியும் கூட்டினார்.

“வீதம் சரி. ரெண்டு சம்பளம் எண்டபடியால் நீர் மேல் படியில நிக்கிறீர். நாப்பதுக்கு நாப்பது தந்திருக்கிறாங்கள்.”

“பேந்து ஏன் கட்டச் சொல்லுறாங்கள்?”

பேரின்பநாதன் படிவத்தின் முதல் பக்கத்துக்குப் போனார். அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. பிறகு மேசை அதிரச் சிரித்தார்.

“இங்க பாரும், எந்தப் பெட்டியில புள்ளடி போட்டிருக்கிறீர் எண்டு! மனுசிக்குத் தாற வரிக்கழிவு முழுக்கப் போச்சு. மனுசி இருக்கிறா எண்டு வேலையிடத்தில வரி குறைச்சுத்தான் பிடிச்சவங்கள். அதைத்தான் இப்ப திருப்பிக் கேக்கிறாங்கள்.”

“அந்தப் பெட்டியாலயா?”

அல்பேட் கடிதத்தையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“பிரெஞ்சில ‘நேஃப்’ எண்டால் புதுசு. நாட்டுக்குப் புது ஆளோ எண்டு கேக்கிறாங்கள் எண்டு நினைச்சிட்டீர், என்ன? உது ‘வேஃப்’ ஐசே! பெண்சாதி செத்தவன்! வகுப்புக்குப் போய் வந்து பிரெஞ்சில மனுசியைக் கொன்று போட்டீரே! பேனையைத் தாரும். பிழையாப் போச்சு எண்டு ஒரு கடிதம் எழுதுவம். அறுநூறும் கட்டத் தேவையில்லை, எண்ணூறும் வரும்.”

அல்பேட் பேனையைக் கொடுக்கவில்லை. படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, நாலாக மடித்தான்.

“அறுநூறைக் கட்டுறன் அண்ணை. அந்தப் புள்ளடி பிழையில்லை. இஞ்ச வந்தால் ‘மனுசி சுகமோ’ எண்டு கேப்பியள். தமிழில பதில் சொல்ல ஏலாமல்தான் நானே நிரப்பினனான்.”

மடித்த தாளை வங்கிப் பத்திரத்துக்குள் வைத்தான். அதில், சேமிப்பை அவனுக்குப் பிறகு பெறுபவர் என்ற இடத்தில், யோசெப்பின் என்ற பெயர் அப்படியே இருந்தது.