அவர் சாப்பிட மாட்டார்

“அவர் இதைச் சாப்பிட மாட்டார், பிள்ளை.”

குசினி வாசலில் கைகளைக் கட்டியபடி நின்று ரஞ்சினி சொன்னாள். மகள் சயந்தினி திரும்பிப் பார்க்கவில்லை. வெட்டுப்பலகையில் மாட்டிறைச்சி கடதாசி போல மெல்லிய துண்டுகளாகக் கிடந்தது.

“சாப்பிட்டவர், அம்மா. வருசக்கணக்காச் சாப்பிட்டவர். நேற்று பார்க் அங்கிளே சொன்னவர்.”

நேற்றுத்தான் அப்பா கணேசலிங்கத்தின் முதலாவது ஆண்டுத் திவசம் கோயிலில் முடிந்தது. அப்பாவோடு டண்டினொங் நகரத்துச் சரக்குக் கிடங்கில் வேலை செய்த கொரியர் பார்க்கும் வந்திருந்தார். கழற்றிய சப்பாத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தார். போகும்போது சயந்தினியிடம் ஒன்று சொன்னார். ஒவ்வொரு வெள்ளி மத்தியானமும் நானும் உன் அப்பாவும் ஒரே பெட்டியில் யுக்ஜொன் சாப்பிடுவோம். மாட்டிறைச்சியை மாவிலும் முட்டையிலும் தோய்த்துச் சுடுவது. எங்கள் ஊரில் இறந்தவர்களுக்கும் அதைப் படைப்போம்.

இன்றைக்கு வீட்டில் படையல். இறந்தவருக்குப் பிடித்ததை அவர் படத்தின் முன்னால் வைப்பது இவர்களுக்கும் வழக்கம். வடையும் கத்தரிக்காய்க் குழம்பும் காலையிலேயே தயார்.

“வெள்ளிக்கிழமையில,” என்றாள் சயந்தினி. “கோயில் கமிட்டித் தலைவர். வெள்ளிக்கிழமையில மாடு திண்டிருக்கிறார்.”

“செத்த மனுசனைப் பற்றித் திண்டார் எண்டு சொல்லாதை.”

“சரி, சாப்பிட்டிருக்கிறார். பன்னிரண்டு வயதில நான் ஒரு பர்கர் சாப்பிட்டதுக்கு ஆறு நாள் என்னோட கதைக்கேல்லை. ஞாபகம் இருக்கோ? ஆறு நாள். அவர் மட்டும் பார்க் அங்கிளின்ர மனுசி சுட்டுக் குடுத்ததை ஒளிச்சுச் சாப்பிட்டிருக்கிறார்.”

ரஞ்சினி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

“இண்டைக்கு இதை வைக்கத்தான் போறன். ஒரு நாளாவது இந்த வீட்டில உண்மையான அப்பா இருக்கட்டும்.”

சயந்தினி அலுமாரியைத் திறந்து தோசைச் சட்டியை எடுத்தாள்.

“அந்தச் சட்டியை எடுக்காதை.”

“ஏன், தீட்டோ?”

“அந்தச் சட்டி வேண்டாம்.”

அவள் எடுத்தாள். நல்லெண்ணெய் சூடாகி மணக்கத் தொடங்கியது. வெளியே குளிர்கால வெயில் பால் போல மங்கிக் கிடந்தது. யன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து தெருவும் மரங்களும் கரைந்துபோயின. வரவேற்பறையில் அப்பாவின் படத்துக்கு ஏற்றிய ஊதுபத்திப் புகை மெல்ல மிதந்து வந்து எண்ணெய் மணத்தோடு கலந்தது. புகைக்குப் பின்னால் அப்பாவின் முகம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. இப்போது கதவைத் திறந்து, “என்ன பிள்ளை மணக்குது?” என்று கேட்டுக்கொண்டு வந்துவிடுவார் போல. வந்தால் என்ன செய்வார்? முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆறு நாள் பேசாமல் இருப்பாரா? இருக்கட்டும். ஆறு நாள் பேசாமலாவது இருக்கட்டும்.

ஒரு துண்டை முட்டையில் தோய்த்து, மாவில் புரட்டிச் சட்டியில் போட்டாள். எண்ணெய் சீறித் தெறித்தது. மாவு ஒரு பக்கம் கழன்றது, இறைச்சி ஒரு பக்கம் சுருண்டது. இரண்டாவது ஒட்டிக்கொண்டு பிய்ந்தது. மூன்றாவது கருகியது.

“சிவசிவா,” என்றாள் ரஞ்சினி.

“பாக்க விருப்பமில்லாட்டி உள்ளுக்குப் போங்கோ, அம்மா.”

ரஞ்சினி போகவில்லை. ஒரு அடி உள்ளே வந்தாள். நான்காவது துண்டும் சட்டியிலேயே சிதைந்தது. அதைச் சுரண்டிச் சுரண்டி, ஒரு கட்டத்தில் சயந்தினி தட்டகப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

“எனக்கு இதுகூடச் சரிவரேல்லை,” என்றாள். “ஒரு வருசமா அவருக்கெண்டு நான் ஒண்டுமே செய்யேல்லை. இது ஒண்டுதான்.”

ரஞ்சினி இன்னொரு அடி வைத்து வெட்டுப்பலகைக்குக் கிட்ட வந்தாள்.

“இறைச்சியை ஒத்தி எடுத்தனியோ?” என்றாள் ரஞ்சினி.

“என்ன?”

“ஈரம் போக. கடதாசியால. ஒத்தாட்டி எண்ணெய் தெறிக்கும். மாவுதான் முதல். முட்டை பிறகு. அடுப்பைக் குறை.”

சயந்தினி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது வருடமாக முட்டையைக்கூடத் தொடாத அம்மா.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

ரஞ்சினி முழங்காலைப் பிடித்துக்கொண்டு குந்தி, கீழ் அலுமாரியில் பெரிய இட்டலிப் பானைக்குப் பின்னால் கையை விட்டாள். பழைய துவாயில் சுற்றிய ஒரு பொருளை வெளியே எடுத்தாள்.

“பார்க்கின்ர மனுசி செத்து ஒன்பது வருசம்,” என்றாள், துவாயின் முடிச்சை அவிழ்த்தபடி. “அந்த மனுசன் மத்தியானத்தில வெறும் பாண் துண்டோட தனிய இருக்குதெண்டு உன்ர அப்பா வந்து சொன்னவர். நான்தான் சுட்டுக் குடுத்துவிட்டனான். தனியச் சாப்பிட விடக் கூடாதெண்டுதான் முதல் துண்டு எடுத்தவராம். பிறகு பெட்டியில பத்துத் துண்டு வைச்சாலும் காணாது.”

துவாய்க்குள் இருந்து, கரை கறுத்து நடுப்பகுதி தேய்ந்து மினுங்கும் ஒரு தட்டைச் சட்டி வெளியே வந்தது.

“இதில சுடு,” என்று அதை அடுப்பில் வைத்தாள் ரஞ்சினி. “கரை முறுக வேணும். நீ சுட்டதை அவர் சாப்பிட மாட்டார் எண்டு அப்பவே சொன்னனான்.”