சிவப்புத் தெரு

கொசு ஒழிப்பு ஆபீஸில் நேற்று வந்த பெண்ணுக்குக் கைதட்டல் கிடைத்ததிலிருந்து சீனியருக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. வெயில், ஈரம், நிழல், தேங்கும் தண்ணீர் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, வரும் மழையில் டெங்குக் கொசு எங்கே பெருகும் என்று அவள் மேப் போட்டிருந்தாள். அதில் டயர்க்கடைத் தெரு மட்டும் ரத்தச் சிவப்பு.

“இத்தனை வருஷமா கொசுவோட குடித்தனம் பண்றவன் நான். இவ கம்ப்யூட்டரைத் தட்டிச் சொல்லிடுவாளா?” என்று பியூனிடம் பொருமினார்.

மழைக்காலம் முடிந்து நடந்த கூட்டத்தில் அவரே முந்திக்கொண்டார். “சார், அந்தத் தெருவை அலசிட்டேன். ஒரு கொசுப்புழுகூட இல்ல. மேப் சுத்தப் பேத்தல்!”

அவள் முகம் வாடியது.

டைரக்டர் சிரித்தார். “போன மழைக்கு அங்க வீட்டுக்கு வீடு காய்ச்சல். இந்தத் தடவை ஒருத்தருக்கும் இல்ல. ஏன் தெரியுமா? முகத்துல துண்டு கட்டின யாரோ ஒருத்தர் தினம் விடியக்காலைல வந்து, டயர், டிரம், தொட்டி எல்லாத்தையும் கவுத்துட்டுப் போனாராம். நீயாம்மா?”

“நான் இல்ல சார்.”

“அப்ப வேற யாரோ நம்ம ஆளுதான். இந்த ஆபீஸ்ல உன் மேப்பை முழுசா நம்பினது அவர் ஒருத்தர்தாம்மா!”

அவள் மேப்பைப் பொய்யாக்கக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கொப்புளம் கண்ட கைகளைச் சீனியர் மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.