லெக்ஸோவின் ஜாடி

திராட்சை விளையும் கக்கேத்தி மண்ணில் கழுத்துவரை புதைந்திருக்கும் மது ஜாடியின் மூடியைச் சுற்றி, காய்ந்த களிமண்ணைத் தெமூர் சுரண்டுகிறார். மகன் லெக்ஸோ பிறந்த வருஷம், அவன் கல்யாணத்துக்கென்று கறுப்புத் திராட்சையைப் பிழிந்து ஊற்றி மூடிய ஜாடி. கல்யாணம் ஆகும் முன்பே, மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து அவன் போய்விட்டான். முற்றத்தில் சவப்பெட்டியைச் சுற்றிப் பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். "அண்ணே, வேற ஜாடியத் திறப்போமே," என்கிறான் தெமூரின் தம்பி நுக்ஸார். "அவனுக்காக வந்தவங்களுக்கு அவன் ஒயினத்தான்டா ஊத்தணும்." கல்மூடி நகர்கிறது. உள்ளே கறுப்பாய்க் கிடப்பது, அகப்பையில் ஏறி வெயில் பட்டதும் மாதுளைச் சிவப்பாகிறது. தெமூர் ஒரு வாய் குடிக்கிறார். கனமாக, நாக்கை இறுக்கிப் பிடித்து, நிதானமாக இறங்குகிறது. "எப்படிண்ணே இருக்கு?" தெமூர் ஜாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்டியிடுகிறார். "நல்லா இருக்குடா. பாவி, இது புளிச்சாவது போயிருக்கக் கூடாதா?"