கருப்பட்டி பீர்

டட்லிக்கு ரோடு இரண்டாகத் தெரிந்தது. எதில் போவதென்று புரியாமல் இரண்டுக்கும் நடுவில் காரை மாட்டு வண்டி வேகத்தில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் மிதிச்சு ஓட்டேன். பின்னாடி சைக்கிள்காரன் பெல்லடிக்கிறான்" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி மொய்ரா.

"மூணு கிளாஸ் உள்ள போயிருக்கு. நீ ஓட்டுன்னு அப்பவே சொன்னேன்ல?"

"எனக்கு முட்டி வலி. ஒண்ணும் ஆகாது, ஓட்டு."

அதுதான் டட்லிக்கு விளங்கவேயில்லை. அரை கிளாஸ் குடித்தாலே கார் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்கிற மகராசி, இன்றைக்கு அவளாகவே சாவியைத் தூக்கிப் போட்டாள்.

அவனோ வாரகல் ஊர்ப் பள்ளிக்கூடத்து பஸ் டிரைவர். போலீஸ் நிறுத்தி ஊதச் சொல்லி, மெஷினில் ஒரு புள்ளி ஏறினாலும் லைசென்ஸ் போச்சு. அதோடு வேலையும் போச்சு.

எல்லாம் அந்தக் கருப்பட்டி பீர் செய்த வேலை. கடையில் பீர் வாங்குவது டட்லிக்குக் கௌரவக் குறைச்சல். டின்னில் வருகிற மால்ட் சாற்றைப் பீப்பாயில் ஊற்றி, தண்ணீர், சர்க்கரை, அதைப் புளிக்க வைத்துப் போதையேற்றுகிற ஈஸ்ட் எல்லாம் போட்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் அவனே தயார் பண்ணுவான். அதையாவது டின்னில் எழுதியிருக்கிறபடி செய்வானா என்றால் மாட்டான். சாதாச் சர்க்கரை துரைக்கு ஆகாது. தேன் போட்டான், பாட்டில் வெடித்து ஷெட் ஜன்னல் நொறுங்கியது. வெல்லப்பாகு போட்டான், கார் ஆயில் மாதிரி வந்தது. ஜெல்லி மிட்டாயைப் போட்டபோது குடித்தவர்களுக்கெல்லாம் நாக்கு பச்சையாகிப் போனது.

போன மாதம் மொய்ரா தீர்த்துச் சொல்லிவிட்டாள். "இதுதான் கடைசி. இந்தத் தடவை பீர்னு சொல்லிக்கிற மாதிரி ஒண்ணு வந்தா ஷெட் உனக்கு, சாகுற வரைக்கும் வச்சுக்க. வரலேன்னா காலி பண்ணிக் குடுத்துடணும். என் தையல் மெஷினை அங்க போடப் போறேன்."

டட்லியும் வீறாப்பாகத் தலையை ஆட்டிவிட்டான். ஷெட் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. மெல்போர்ன் போய் இலங்கைக்காரர் கடையில் கருப்பட்டி வாங்கி வந்தான். தட்டிப் போட்டு, கொதிக்கக் கொதிக்கப் பாகு காய்ச்சி, அப்படியே பீப்பாயில் ஊற்றி, கையோடு ஈஸ்ட்டையும் தூவி மூடினான்.

அரங்கேற்றம் இன்றைக்கு மத்தியானம், மொய்ராவின் அண்ணன் வாரன் வீட்டுத் தோட்டத்தில், கறி சுட்ட அடுப்புக்குப் பக்கத்தில். முதல் கிளாஸில் டட்லிக்குக் காது சூடானது. இரண்டாவதில் வாரனைக் கட்டிக்கொண்டு, "மச்சான், நீ எனக்குக் கூடப் பொறக்காத பொறப்புடா" என்று அழுதான். மூன்றாவதில் வாரன் வீட்டு நாயிடம் மன்னிப்புக் கேட்டான். எதற்கென்று நாய்க்கும் தெரியவில்லை.

"எப்படி மச்சான் இருக்கு என் சரக்கு?"

"தித்திப்பா இருக்கு மச்சான்" என்ற வாரன் தங்கையைப் பார்த்தான். தங்கை வானத்தைப் பார்த்தாள்.

வளைவு திரும்பியதும் டட்லி பிரேக்கை மிதித்தான். நீல விளக்கோடு போலீஸ் வண்டி, அதற்கு முன்னால் வரிசையாகக் கார்கள்.

"தொலைஞ்சேன்."

"சும்மா போ" என்றபடி மொய்ரா கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள். புருஷனுக்கு வேலை போகப்போகிற நேரத்தில் இவளுக்கு எப்படித்தான் தொண்டையில் இறங்குகிறதோ என்று டட்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜன்னலில் குனிந்த போலீஸ்காரப் பெண் முகம் மலர்ந்தாள். "அட, டட்லி சாரா? உங்க பஸ்லதான சார் நான் ஸ்கூலுக்குப் போனேன். இன்னைக்கு ஏதாவது குடிச்சிருக்கீங்களா?"

"கொஞ்சம் போல..."

"சரி, இதுல நிறுத்தாம ஊதுங்க."

கடவுளே, இந்த ஒரு தடவை காப்பாற்றிவிடு, இனி பீர் இருக்கிற பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று மனசுக்குள் கதறினான் டட்லி. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊதினான். மெஷின் பீப் என்றது.

"சைபர். சுத்தமா ஒண்ணுமே இல்ல. நீங்க கிளம்புங்க சார்."

போன உயிர் திரும்பி வந்தது. லைசென்ஸ் தப்பியது, வேலை தப்பியது. சந்தோஷத்தில் பெண்டாட்டியைக் கட்டிக்கொள்ளத் திரும்பியவன், பாதியில் அப்படியே நின்றுபோனான். மூன்று கிளாஸ் குடித்தும் சைபர். மெல்ல மெல்ல அவன் முகம் வெளுத்தது.

"மெஷின் ரிப்பேரா இருக்கும்மா" என்றான் போலீஸ்காரப் பெண்ணிடம் பரிதாபமாக. "மூணு கிளாஸ் பீர் குடிச்சிருக்கேன். இன்னொரு தடவை ஊதுறேன், நல்லாப் பாரு."

"பீராவது ஒண்ணாவது" என்றாள் மொய்ரா, வாயைத் துடைத்துக்கொண்டு. "கொதிக்கிற பாகுல ஈஸ்ட்டைக் கொட்டி, அதை அன்னைக்கே சாகடிச்சாச்சு. நேத்தே நான் ருசி பார்த்துட்டேன்மா. வெறும் கருப்பட்டித் தண்ணி."

பிறகு புருஷன் பக்கம் உள்ளங்கையை நீட்டினாள்.

"ஷெட் சாவியக் குடு."