முன் அனுபவம் இல்லை

"கதவைத் தட்டாம வந்துட்டீங்களே, டாக்டர். வெளியே போயிட்டு மறுபடியும் வாங்க" என்றாள் அவள், மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தபடி.

உள்ளே வந்த இளம் டாக்டர் வாயைத் திறந்தார், மூடினார், வெளியே போனார். வகுப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. தானாகவே முன்னால் வந்திருக்கிறாரே, கடைசி நாளில் ரோஷம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நோயாளி இறந்துபோனால் அதை வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்று டாக்டர்களுக்குக் கற்றுத்தருவதுதான் அவள் புதிதாகத் தொடங்கியிருக்கும் தொழில். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், உடைந்த கட்டில்களைப் போட்டுவைக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள். இரண்டு நாற்காலி, ஒரு மேசை, மூக்கைச் சிந்த ஒரு டிஷ்யூ பெட்டி. பள்ளிக்கூடம் மொத்தமும் அவ்வளவுதான்.

இந்தத் தொழிலுக்கு அவளுக்கு இருந்த தகுதி பூஜ்யம். மருத்துவம் படித்ததில்லை, யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. போதாக்குறைக்கு, பெற்றவர்கள், மாமனார், மாமியார், கூடப் பிறந்தவர்கள் என்று அவளைச் சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருந்தார்கள்.

"தெரியாதுங்கறதையே முதலாப் போடு" என்று யோசனை சொன்னவன் அவள் கணவன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும், உங்களுக்கு எதுவும் வந்ததில்லையே என்று பெரிய டாக்டர் மடக்கியபோது அவள் அசரவில்லை. துக்கப்பட்டவர்கள் கற்றுத்தர வந்தால் அவர்கள் துக்கம்தான் நடுவில் வந்து நிற்கும் என்றாள். எந்தச் சொல் எங்கே குத்துகிறது என்று அழாமல் எடுத்துச் சொல்வதற்கு, தன்னைப்போல் ஒரு இழப்பும் தெரியாதவள்தான் வேண்டும் என்றாள். பெரிய டாக்டருக்கே அது புதிதாக இருந்தது. சரி, ஒரு மாதம் பார்க்கலாம் என்று இறங்கிவந்தார்.

அந்த மாதம் இன்றோடு முடிகிறது. மற்றவர்கள் எல்லாம் தேறிவிட்டார்கள். கரைசேராதவர் இவர் ஒருவர்தான். ஒத்திகையில் அவள் எப்போதும் சாலை விபத்தில் கணவனைப் பறிகொடுத்த மனைவியாக உட்காருவாள். அவள் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் இவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். பயத்தில் வருகிற சிரிப்பு, பாவம்.

வீட்டில் அவளும் கணவனும் அவருக்கு வைத்திருந்த பெயர் சிரிப்பு டாக்டர். காலையில் அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும்போது அவர் கண்ணில் பட்டால், இன்றைக்காவது அழுங்கள் டாக்டர் என்று தோளில் தட்டிவிட்டுப் போவான் அவள் கணவன்.

சிரிப்பு டாக்டரைத் தேறவைத்துக் காட்டினால்தான் வேலை நிரந்தரம், இல்லையென்றால் கடையைக் கட்டிக்கொண்டு போகவேண்டியதுதான் என்று பெரிய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கணவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வகுப்புக்குப் பெயர்ப்பலகை எழுதக் கொடுத்திருந்தான். காலையில் அவளை விட்டுவிட்டு, அதை வாங்கத்தான் பைக்கில் போயிருந்தான். வந்ததும் ஆணி அடித்துவிடலாம் என்று சுத்தியலை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனான். அறைக்குள் செல்போன் கூடாது என்பது அவள் போட்ட முதல் சட்டம் என்பதால், அவளுடைய போனும் சுத்தியலோடு கைப்பைக்குள் அணைந்து கிடந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

டாக்டர் உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். சிரிக்கவில்லை.

"அக்கா, ஒரு கெட்ட செய்தி சொல்லணும்."

வாய்க்கு வாய் மேடம் என்று கூப்பிடுகிறவர் அவர். இந்த 'அக்கா' அவள் சொல்லித்தந்ததில் இல்லை. ஆனாலும் கேட்க இதமாகத்தான் இருந்தது. அடுத்து வருகிறவர்களுக்கும் சொல்லித்தர வேண்டும் என்று மனத்தில் குறித்துக்கொண்டு, மனைவியின் குரலுக்கு மாறி, என்ன ஆச்சு என்று பதறினாள்.

"உங்க வீட்டுக்காரர் மேல லாரி மோதிடுச்சு. தலையில பலமான அடி. இங்கதான் கொண்டுவந்தாங்க, நாங்களும் எவ்வளவோ பார்த்தோம்." நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். "அவர் இறந்துட்டாருக்கா."

தவறிவிட்டார், போய்விட்டார், எங்கள் கையில் என்ன இருக்கிறது என்றெல்லாம் சுற்றி வளைக்கவில்லை. அந்த ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து வரவழைக்க அவள் எத்தனை நாள் மன்றாடியிருக்கிறாள். சொல்லிவிட்டு எழுந்து ஓடவும் இல்லை. கண்கள் கலங்க, அவள் முகத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொழில் நிலைத்துவிட்டது. கணவன் வந்ததும் முதல் காரியமாக இதைச் சொல்ல வேண்டும். அவர் மறுபடி ஏதோ பேச வாயெடுத்தார். அவள் விடவில்லை, கைதட்டினாள்.

"ஜெயிச்சுட்டீங்க, டாக்டர். ஒரே ஒரு குறைதான். வீட்டுக்காரர்னு பொதுவாச் சொல்லக் கூடாது, பேரைச் சொல்லணும். இல்லேன்னா வேற யாரோன்னு மனசு தப்பிக்கப் பார்க்கும். ஏதாவது ஒரு பேர் வச்சு இன்னொரு தடவை சொல்லுங்க."

டாக்டர் தண்ணீர்க் குவளையை மெதுவாக அவள் பக்கம் தள்ளினார்.

"நான் பயிற்சிக்கு வரலக்கா."