சோப்புப் பெட்டியில் ஈரம்

"அண்ணி, அந்த ஃபோனைக் கொஞ்சம் அமுக்கி ஸ்பீக்கர்ல போடுங்க. என் கையெல்லாம் பசை."

வேரா சூப் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு ஃபோனை அமுக்கினாள். கணவன் மைரன் இறந்து மூன்று மாதமாகியும் ஒருத்திக்கு மட்டும் சமைக்க அவள் கை இன்னும் பழகவில்லை. மிஞ்சும் பீட்ரூட் சூப்பை வியாழன்தோறும் கொழுந்தன் ஓரெஸ்டின் கிட்டார் பட்டறைக்குக் கொண்டுவந்துவிடுவாள்.

வெளியே மைனஸ் முப்பத்தைந்து டிகிரி. கனடாவின் சாஸ்கட்டூனில் ஜனவரி வந்தால் வீட்டுக்கு வீடு ஹீட்டர் ஓயாமல் ஓடும். கிட்டார்கள் காய்ந்து பிளக்கும். ஓரெஸ்டுக்கு அழைப்பு மேல் அழைப்பு. யாரிடமும் மூன்று வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். "கொண்டு வாங்க" என்பான், வைத்துவிடுவான்.

"சார், கிட்டாருக்குள்ள ஒட்டியிருந்த சீட்டுல உங்க நம்பர் இருந்துச்சு" என்றது ஓர் ஆண் குரல். "கம்பியெல்லாம் கிர்ருங்குது. கழுத்துல குறுக்கே இருக்கற தகட்டு முனையெல்லாம் வெளியே நீட்டிக்கிட்டு விரலைக் கிழிக்குது. மேல் பலகை வேற குழிஞ்சிருக்கு."

"காஞ்சுபோச்சு. கொண்டு வாங்க."

"கொண்டு வரவெல்லாம் முடியாது சார். வீட்டுலயே ஏதாவது பண்ண முடியுமா?"

ஓரெஸ்ட் உதட்டைப் பிதுக்கினான். "சீட்டுல கையால ஒரு நம்பர் எழுதியிருக்கும். அதைப் படிங்க."

"முந்நூத்திப் பதினேழு."

ஓரெஸ்ட் பசைத் தூரிகையைக் கீழே வைத்தான். முக்காலியை இழுத்துப் போட்டு ஃபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உங்க பேரு என்ன தம்பி?"

"பேரெல்லாம் எதுக்கு சார்?"

"சரி, வேண்டாம். கிட்டார் இப்ப எங்க இருக்கு?"

"ஹீட்டர் பக்கத்துல சாத்தி வெச்சிருக்கேன். குளிருமேன்னு."

"அதென்ன பூனையா, குளிர்காய? முதல்ல அங்கேருந்து எடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

வேராவுக்குச் சிரிப்பு வந்தது. மறுமுனையில் காலடிச் சத்தம் போய்த் திரும்பியது.

"எடுத்துட்டேன் சார். கிட்டார் பெட்டிக்குள்ள ஒரு ஆப்பிள் துண்டைப் போட்டு மூடினா போதும்னு ஒருத்தன் சொன்னான்."

"எலி வளர்க்கற ஆசையிருந்தா போடுங்க. ஒரு பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி எடுத்து, ஊசியைச் சுட்டு மூடியில பத்துப் பதினஞ்சு ஓட்டை போடுங்க. உள்ளே ஸ்பாஞ்ச். நனைச்சு நல்லாப் பிழியணும், அப்புறம் ஒரு சொட்டுகூட விழக்கூடாது. அதைக் கிட்டாரோட தலைப் பக்கம் வெச்சுக் கிட்டார் பெட்டியை மூடிடுங்க. தினமும் காஞ்சிருக்கான்னு பாருங்க."

"ஒரு பக்கெட் தண்ணியைப் பக்கத்துல வெச்சா சீக்கிரம் சரியாகிடாதா?"

"பட்டினி கிடந்தவனுக்கு எடுத்த எடுப்புல விருந்து வைப்பீங்களா? மெதுவாக் குடிக்கட்டும். ஈரம் காட்டற மீட்டர் ஒண்ணு வாங்கி உள்ளே போடுங்க. நாப்பத்தஞ்சு சதவீதத்துக்கு வரணும். இப்ப உங்க வீட்டுல பதினஞ்சுதான் இருக்கும். இன்னும் ஒரு வாரம் இப்படியே விட்டா பலகை பிளந்துடும் தம்பி. அப்புறம் அந்தப் பழைய சத்தத்தை யாராலயும் கொண்டுவர முடியாது."

சூப் ஆறிக்கொண்டிருந்தது. வேரா கடிகாரத்தைப் பார்த்தாள். இருபது நிமிடம். இந்த மனுஷனுக்கு இன்று என்ன ஆயிற்று?

"டார்ச் இருக்கா? ஒரு சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பாருங்க. தடிச்ச கம்பிப் பக்கம், கம்பி மாட்டற கட்டைக்குக் கீழே, விரல் நீளத்துக்கு ஒட்டின ஒரு விரிசல் இருக்கும். அது வாயைத் திறந்திருக்கா?"

மறுமுனையில் ஏதோ உருட்டும் சத்தம். ஓரெஸ்ட் ஃபோனையே பார்த்தபடி இருந்தான். பசை காய்ந்த விரல்கள் முழங்காலை இறுகப் பிடித்திருந்தன.

"இல்ல சார். மூடித்தான் இருக்கு."

"நல்லது" என்றான் ஓரெஸ்ட். "அடுத்த வியாழக்கிழமை கூப்பிட்டு மீட்டர் என்ன காட்டுதுன்னு சொல்லுங்க."

"கண்டிப்பா சார். ரொம்ப நல்ல மனுஷன் சார் நீங்க."

இணைப்பு அறுந்தது.

"யாரு அது?" என்றாள் வேரா.

"தெரியாது."

"பேரைக்கூடச் சொல்லாதவனுக்கு இருபது நிமிஷமா? உங்க அண்ணன் கூப்பிட்டாலே ரெண்டாவது நிமிஷம் எரிஞ்சு விழுவியே."

ஓரெஸ்ட் குழாயைத் திறந்து கையைக் கழுவ ஆரம்பித்தான்.

"அவன் விரிசல்னு ஒரு வார்த்தை சொல்லல" வேரா விடவில்லை. "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அந்தச் சீட்டு நம்பர் நான் போட்டது. விரிசலை நான்தான் ஒட்டினேன். ஐஸ்ல வழுக்கி விழுந்து, அதையும் கீழே போட்டுட்டு வந்தான் ஒரு ஆளு. பொண்டாட்டி ஆசையா வாங்கிக் கொடுத்ததாம். அவளுக்குத் தெரியவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினான்."

"அப்போ அது யாரோடதுன்னு உனக்குத் தெரியும். இவனை நேர்ல வந்தே ஆகணும்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா பயந்துடுவான். பயந்தா அதை உடைச்சு அடுப்புல போட்டுடுவான். அவன் கையில இருந்தாலும், இந்த வாரம் அது பிளக்காம இருக்கட்டும். ஃபோன்ல அவன் நம்பர் விழுந்திருக்கு. அதைப் போலீஸ்கிட்ட கொடுத்துக்கலாம்."

"போலீஸ் எதுக்கு?"

ஓரெஸ்ட் குழாயை மூடினான். ஈரக் கையோடு அவள் பக்கம் திரும்பினான்.

"அக்டோபர்ல நாம எல்லாரும் சர்ச்ல மைரன் அண்ணன் சவப்பெட்டியைச் சுத்தி நின்னுக்கிட்டிருந்தப்போ, உங்க வீட்டுப் பின்கதவை உடைச்சு அவரோட கிட்டாரை எடுத்துட்டுப் போன ஆளுதான், அண்ணி, இவ்வளவு நேரம் பேசினது."