நட்சத்திரத்துக்கு முன்னால் நின்ற சாய்கோடு

தேடல் சூத்திரங்களைக் கற்றுத்தரும் இன்னும் வெளியாகாத ஒரு கணினிப் பக்கத்தில் நட்சத்திரக்குறி (*) ஒன்று இருந்தது. "எத்தனை தடவை வந்தாலும் சரி" என்பது அங்கே அதற்கு அர்த்தம். அதனால் கொஞ்சம் தலைக்கனம். அதற்கு ஒரே மனக்குறை, முன்னால் நின்ற சாய்கோடுதான் (\).

"ஏன் ஓய், என்னை மறைச்சுக்கிட்டே நிக்கிறீர்? தள்ளிப் போம்!"

"போனா உமக்குத்தான் கஷ்டம்," என்றது சாய்கோடு. ஆனாலும் போனது.

பக்கம் வெளியானது. அதே வரியில் இருந்த இன்னொரு நட்சத்திரத்தோடு இதை ஜோடி சேர்த்துப் பார்த்த கணினி, இரண்டு நட்சத்திரம் என்றால் நடுவில் இருப்பதைச் சாய்த்தெழுதச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டது. சொற்களைச் சாய்த்தது, நட்சத்திரங்கள் இரண்டையும் விழுங்கியது. சூத்திரம் பல் விழுந்த வாய் மாதிரி இளித்தது.

"ஐயா சாய்கோட்டாரே, காப்பாத்தும்!" என்று கணினியின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரே அலறல்.

சாய்கோடு மறுபேச்சில்லாமல் பழைய இடத்துக்கு வந்து நின்றது. அது முன்னால் நின்றால், பின்னால் வரும் குறியைக் கணினி தொடாமல் அப்படியே காட்டும். பக்கம் மறுபடி வெளியானபோது நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தது. காவலுக்கு நிற்கும் சாய்கோடு மட்டும் வெளியான பக்கத்தில் யார் கண்ணுக்கும் தெரியாது. அதன் பிறவி அப்படி.

நட்சத்திரம் முன்னால் பார்த்தது. வெறும் இடம்.

பக்கத்துப் புள்ளியிடம் சொன்னது: "பார்த்தீரா? அந்தக் கத்து கத்தியும் மனுஷன் வரவே இல்லை. நல்லவேளை, நானே சமாளிச்சுட்டேன்."